முதல் மெயிலிலேயே சன்மானம் எவ்வளவு என்று கேட்கலாமா?

செவ்வாய்ப்பேட்டைக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். மூன்று வருடமாகச் சும்மா எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தவன், இனிமேல் காசு வந்தால்தான் எழுதுவது என்று இந்த வருடம் முடிவு செய்தேன். போன மாதம் ஒரு வார இதழுக்கு மெயில் போட்டேன், பெயர் வேண்டாம். மெயிலை அப்படியே தருகிறேன், சிரிக்காதீர்கள்.

"மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, நான் சேலத்தைச் சேர்ந்த எழுத்தாளன். சிறுவயது முதலே எழுத்தின்மீது தீராத ஆர்வம் கொண்டவன். எங்கள் ஊர் வெள்ளிக் கொலுசு உலகப் புகழ் பெற்றது. அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதித் தர விரும்புகிறேன். ஒரு கட்டுரைக்கு என்ன சன்மானம் என்பதைத் தெரிவிக்கவும்."

வந்த பதில் இரண்டே வரி. "கட்டுரையை அனுப்புங்கள், பார்க்கிறோம். புதியவர்களுக்கு எங்கள் இதழில் இடம் கிடைப்பதே பெரிய விஷயம்." படித்ததும் சுருக்கென்றது. கொலுசுப் பட்டறையில் யாரையாவது கூப்பிட்டு, சும்மா செய்து கொடு, கடையில் வைப்பதே உனக்குப் பெருமை என்று சொல்ல முடியுமா? நான் கேட்டது தப்பா? முழுதாக எழுதி அனுப்புவதா, ஐடியாவைச் சொல்லி அவர்கள் சரி என்ற பிறகு எழுதுவதா?

பழைய மேசை

தம்பி, நான் இருபது வருடத்துக்கு மேல் சப் எடிட்டராக இருந்துவிட்டு இப்போது அஸ்தம்பட்டியில் சும்மா உட்கார்ந்திருப்பவன். உங்கள் மெயில் என் மேசைக்கு வந்திருந்தால் அந்த இரண்டு வரிகூட எழுதியிருக்க மாட்டேன். கோபம் வேண்டாம், காரணத்தைச் சொல்கிறேன். அதில் உங்களைப் பற்றி ஒரு வரி, உங்கள் ஆர்வத்தைப் பற்றி ஒரு வரி, சன்மானத்தைப் பற்றி ஒரு வரி இருக்கிறது. கொலுசைப் பற்றி இருப்பது "உலகப் புகழ்" மட்டும்தான். சேலத்திலிருந்து வரும் மெயில் எல்லாமே இப்படித்தான் இருக்கும், மாம்பழம் உலகப் புகழ், ஜவ்வரிசி உலகப் புகழ், மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு வரலாற்றுச் சின்னம். டி.ஆர். சுந்தரம் 1935-ல் அந்த சினிமா ஸ்டூடியோவைத் தொடங்கிய கதையை எத்தனை பேர் அனுப்பினார்கள் என்று கணக்கே இல்லை. எல்லாம் ஒரே கட்டுரை, எழுதியவர் பெயர் மட்டும்தான் வேறு.

எங்கள் காலத்தில் முழுக் கதையை எழுதி, போதிய தபால்தலை ஒட்டிய சுயவிலாசமிட்ட உறையோடு அனுப்புவார்கள். பிடித்தால் பிரசுரம், இல்லாவிட்டால் அந்த உறையிலேயே திரும்பிப் போகும். சன்மானம் மணியார்டரில் வரும். யாரும் முதல் கடிதத்தில் காசு கேட்டதில்லை. தமிழ்ப் பத்திரிகை ஐடியாவை வாங்குவதில்லை, எழுத்தைத்தான் வாங்குகிறது. புதிய ஆளின் ஐடியாவை வைத்து அவருக்கு ஒரு பத்தி ஒழுங்காக எழுத வருமா என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது? முழுதாக எழுதி அனுப்புங்கள், காசு அப்புறம்.

ஐந்துரோடு

மணியார்டர் காலத்துக் கணக்கை இன்னும் எத்தனை நாள் சொல்வீர்கள் சார்? கல்கியே 2020-ல் அச்சை நிறுத்திவிட்டு இணையத்துக்குப் போய்விட்டது. முழுதாக எழுது, அனுப்பு, காத்திரு என்றால் இரண்டு வாரம் அலைந்து எழுதியதற்குப் பெட்ரோல் காசுகூட வராது. பத்திரிகையை மறந்துவிடுங்கள் தம்பி. நான் ஜவுளிக்கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் இணையதள வாசகம் எழுதுகிறேன், பாதிப் பணம் முன்பணம், மீதி கையில் கொடுக்கும்போது. ஏஐ வந்த பிறகு எனக்கும் வேலை குறைந்திருக்கிறது, அதை மறைக்கவில்லை, ஆனாலும் வீட்டு வாடகை இதில்தான் போகிறது. பெயர் வராது. பெயரை வைத்துப் பால் வாங்க முடியாது.

தட்டுவடை செட்

அது சரி, ஐடியாவைச் சொன்னால் அவர்களே ஆள் வைத்து எழுதிவிட மாட்டார்களா? காப்புரிமை இருக்கிறதே என்று சொல்ல வராதீர்கள், ஐடியாவுக்குக் காப்புரிமை கிடையாது, எழுதிய எழுத்துக்குத்தான்.

பதினேழாவது வளைவு

ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். தமிழிலும் ஆங்கிலத்திலும் கட்டுரை விற்றுத்தான் ஆறு வருடமாக வண்டி ஓடுகிறது, அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தட்டுவடை சொன்னது சட்டப்படி சரி. ஆனால் திருடும் அளவுக்குப் பொதுவான ஐடியாவாக இருந்தால் அது ஐடியாவே இல்லை. "கொலுசு பற்றிக் கட்டுரை" என்பதை யாரும் திருட வேண்டாம், ஏற்கெனவே எல்லோரிடமும் இருக்கிறது. உங்களால் மட்டுமே உள்ளே போய்ப் பார்க்கக்கூடிய இடம் இருந்தால் அதை இன்னொருவர் எழுத முடியாது.

எனக்கு முதலில் விற்றது காபிப் பூ. இங்கே மார்ச், ஏப்ரலில் முதல் மழை விழுந்தால் பத்து நாளுக்குள் தோட்டமே வெள்ளையாகப் பூத்துவிடும், கிட்டே போனால் மல்லிகை மாதிரி வாசனை, நாலைந்து நாளில் எல்லாம் பழுப்பாகி உதிர்ந்துவிடும். அந்த மழை தள்ளிப்போனால் தோட்டக்காரர் முகத்தைப் பார்க்க முடியாது, ஏனென்றால் அந்த வருடக் காய் அந்தப் பூவில்தான் இருக்கிறது. முதல் வருடம் பூவைப் பார்த்துவிட்டு மெயில் போட்டேன், எடிட்டர் சரி என்று சொல்வதற்குள் பூ போய்விட்டது. அடுத்த வருடம் ஜனவரியில் போட்டேன். மழைக்காக வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு சிறு தோட்டக்காரரோடு மூன்று வாரம் இருக்கப் போகிறேன், பூத்தாலும் கதை, பூக்காவிட்டாலும் கதை என்று எழுதினேன். ஒரே நாளில் பதில் வந்தது. மே மாதக் கோடை விழா சமயத்தில் போட்டிருந்தால் ஏரி, படகு, மலர்க் கண்காட்சி என்று வரும் நூறு மெயிலோடு அதுவும் போயிருக்கும்.

மேசை சார் சொல்வதில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன், எழுத வருமா என்று தெரியவேண்டும். அதற்கு முழுக் கட்டுரை எதற்கு? மெயிலின் முதல் பத்தியையே கட்டுரையின் முதல் பத்தி மாதிரி எழுதுங்கள், போதும்.

செவ்வாய்ப்பேட்டைத் தம்பி, ஒன்று கேட்கிறேன். கொலுசில் உங்களுக்கு மட்டும் தெரிந்தது என்ன?

செவ்வாய்ப்பேட்டைக்காரன்

அக்கா, மாமா பட்டறை வைத்திருக்கிறார். சின்ன வயதிலிருந்து அங்கேதான் கிடப்பேன். பெரிதாக ஒன்றும் தெரியாது. ஆனால் இப்போது மாமா புலம்புவது ஒன்று இருக்கிறது. வெள்ளி விலை ஏறியதிலிருந்து கடைக்காரர்கள் எடை குறைந்த கொலுசாகக் கேட்கிறார்கள். முன்பு ஜோடி நூறு கிராமில் போன அதே டிசைன் இப்போது அறுபது கிராமில் வேண்டும். கண்ணி மெலிசாகும், ஆனால் பற்றவைக்கும் இடங்களின் எண்ணிக்கை குறையாது. எங்கள் பட்டறையில் கூலி கிலோ கணக்கு. ஆக, பற்றவைக்கிற அக்காக்களுக்கு வேலை அதேதான், மெலிசான கண்ணி உருகிவிடாமல் பார்த்துப் பார்த்துச் செய்வதால் இன்னும் கூடுதல்தான், கூலி மட்டும் குறைகிறது. வெள்ளி விலை ஏறினால் வெள்ளி வேலை செய்பவர்களுக்கு நல்லது என்று ஊரே நினைக்கிறது.

பதினேழாவது வளைவு

"பெரிதாக ஒன்றும் தெரியாது" என்கிறீர்களே! இதைத்தான் முதல் மெயிலில் எழுதியிருக்கவேண்டும்.

பழைய மேசை

சரி, ஒப்புக்கொள்கிறேன். இந்தப் பத்தி என் மேசைக்கு வந்திருந்தால் போனை எடுத்திருப்பேன். ஆனாலும் காசு விஷயத்தில் நான் மாறவில்லை. முதல் மெயிலில் கேட்காதீர்கள். பெண் பார்க்கப் போன வீட்டில் காபி வருவதற்குள் சீர் பேசுகிற மாதிரி இருக்கும்.

ஐந்துரோடு

பேசாமல் விட்டவர்கள் பட்ட பாட்டையும் சொல்லுங்கள் சார். ஒரு இதழுக்கு நாலு கட்டுரை எழுதினேன், பேசவில்லை, கூச்சம். ஏழு மாதம் கழித்து நாலுக்கும் சேர்த்து 1,200 ரூபாய் வந்தது. கேட்டால் "எங்கள் வழக்கம் இதுதான்" என்றார்கள். பேசியிருந்தால் அந்த நாலையும் எழுதியிருக்கவே மாட்டேன்.

பதினேழாவது வளைவு

முதல் மெயிலில் நானும் கேட்பதில்லை. ஆனால் அவர்கள் "எழுதுங்கள்" என்று சொன்ன உடனே, ஒரு வரிகூட எழுதுவதற்கு முன், நாலு விஷயத்தை மெயிலிலேயே கேட்டுவிடுவேன். எத்தனை சொல், எந்தத் தேதி, என்ன தொகை, எழுதிக் கொடுத்த பிறகு வெளியிடாமல் விட்டால் என்ன தருவீர்கள். போனில் பேசினாலும் "நாம் பேசியபடி" என்று அன்றைக்கே ஒரு மெயில் போட்டுவிடுவேன். இந்தக் கடைசிக் கேள்விக்குத் தமிழில் பெரும்பாலும் மௌனம்தான் பதில், இருந்தாலும் கேட்பேன்.

உரிமையையும் கவனியுங்கள். 1957-ம் வருடக் காப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு வேலை பார்க்காத எழுத்தாளர் எழுதியது எழுத்தாளருக்குத்தான் சொந்தம். எழுத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் உரிமை கைமாறும், அதிலும் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம்தான். காசு கொடுத்தோம், எங்களுடையது என்று வாயால் சொன்னால் போதாது. படம் மட்டும் வேறு கதை. அவர்கள் கேட்டு, காசு கொடுத்து நீங்கள் எடுத்த படம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அவர்களுக்குப் போய்விடும். இது தெரியாமல் என் காபிப் பூ படங்களை நானே இழந்தேன்.

தட்டுவடை செட்

வரி பிடிப்பார்களே, அதையும் சொல்லுங்கள் அக்கா. முதல் செக்கில் பத்து சதவீதம் காணவில்லை என்று ஒருத்தன் அழுதான்.

பதினேழாவது வளைவு

ஒரே நிறுவனம் ஒரு நிதியாண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் பிடிப்பார்கள், 2025 ஏப்ரலுக்கு முன் அது 30,000. பான் எண் கொடுக்காவிட்டால் இன்னும் அதிகம் போகும். கணக்குத் தாக்கல் செய்தால், உங்கள் வரி அதைவிடக் குறைவு என்றால் மிச்சம் திரும்பி வரும். தம்பிக்கு இப்போதைக்கு இந்தக் கவலை இல்லை.

செவ்வாய்ப்பேட்டைக்காரன்

நேற்று ராத்திரி உட்கார்ந்து எழுதி, காலையில் வேறொரு இதழுக்கு அனுப்பிவிட்டேன். சப்ஜெக்ட் லைன்: "வெள்ளி விலை ஏறுகிறது, கொலுசு செய்பவர்களின் கூலி இறங்குகிறது, சேலத்திலிருந்து".

"வணக்கம். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பட்டறை. ஒரு பெண் அறுபது கிராம் கொலுசைப் பற்றவைத்துக்கொண்டிருக்கிறார். போன வருடம் இதே டிசைன் நூறு கிராம். பற்றவைக்கும் இடங்கள் அன்றும் இன்றும் ஒன்றே, கூலி மட்டும் கிலோவுக்கு. வெள்ளி விலை ஏற ஏற இவர் வீட்டுக்குக் கொண்டுபோகும் பணம் எப்படிக் குறைகிறது என்பதை மூன்று பட்டறைகள், ஒரு மொத்த வியாபாரி, இரண்டு தொழிலாளர் குடும்பங்கள் வழியாக 1,000 சொற்களில் எழுத விரும்புகிறேன். என் மாமா இந்தத் தொழிலில் இருக்கிறார், அவர் பட்டறையைக் கட்டுரையில் சேர்க்கமாட்டேன். பத்து நாளில் தர முடியும். முன்பு எழுதிய இரண்டு கட்டுரைகளின் இணைப்பு கீழே."

பழைய மேசை

மாமா விஷயத்தை மறைக்காமல் சொன்னீர்களே, அது நல்லது. எடிட்டர்கள் அதைக் கவனிப்பார்கள். ஒரு வாரம் பொறுங்கள், அப்புறம் ஒரே ஒரு தடவை நினைவூட்டுங்கள். அதுவரை இதே மெயிலை இன்னொரு இடத்துக்கு அனுப்பாதீர்கள்.

ஐந்துரோடு

ஒரு வாரம் எதற்கு? மூன்று நாள்.

செவ்வாய்ப்பேட்டைக்காரன்

ஐந்தாம் நாளே பதில் வந்துவிட்டது! "நல்ல விஷயம். 800 சொல் போதும். இரண்டு படம். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் கொடுங்கள்." அக்கா சொன்ன நாலு கேள்வியையும் திருப்பி அனுப்பினேன். சொல், தேதி, படம் எல்லாவற்றுக்கும் மறுபடி பதில் வந்தது. தொகை பற்றிய வரியை மட்டும் அவர்கள் பார்க்கவே இல்லை போல.

பழைய மேசை

எழுதிக் கொடுங்கள். முதல் கட்டுரை.

ஐந்துரோடு

எழுதாதீர்கள். மறுபடி கேளுங்கள்.

பதினேழாவது வளைவு

போன் செய்யுங்கள். பதினோரு மணிக்கு மேல், இதழ் முடிக்கும் நாளாக இல்லாமல் பார்த்து.

செவ்வாய்ப்பேட்டைக்காரன்

செய்தேன். 2,000 என்றார். படத்துக்குத் தனியாக எவ்வளவு என்று கேட்டதும் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை, அப்புறம் சிரித்துவிட்டு, 2,500, படமும் சேர்த்து, ஆனால் வியாழனே வேண்டும் என்றார். படங்களின் உரிமை எனக்கு என்று மெயிலில் ஒரு வரி எழுதி அனுப்பிவிட்டு இப்போதுதான் பட்டறைக்குக் கிளம்புகிறேன்.

தட்டுவடை செட்

அந்த 500-க்கு எங்களுக்கு செட் வாங்கித் தரவேண்டும், சொல்லிவிட்டேன்.