அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் கன்சர்வேட்டிவ் மாணவன்: வகுப்பில் வாயைத் திறக்கலாமா?

பொருநைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மிட்வெஸ்ட் பக்கம் ஒரு பெரிய அரசுப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், பொருளாதாரமும் அரசியல் அறிவியலும். சொந்த ஊர் பாளையங்கோட்டை. சின்ன வயதில் அப்பாவின் எச்1பி விசாவில் வந்தோம், கிரீன் கார்டுக்குப் பல வருடம் காத்திருந்து இப்போது குடியுரிமையும் கிடைத்துவிட்டது.

என் கருத்துகளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கருக்கலைப்பு தவறு என்று நம்புகிறேன், சபையில் சொல்லிக் கொடுத்ததற்காக மட்டுமல்ல, நானே படித்து யோசித்து வந்து சேர்ந்த முடிவு அது. வியாபாரத்தில் அரசாங்கம் எவ்வளவு குறைவாகத் தலையிடுகிறதோ அவ்வளவு நல்லது. கிரீன் கார்டில் ஒரு நாட்டுக்கு 7 சதவீதம்தான் என்ற உச்சவரம்பில் மாட்டிக்கொண்டு அப்பா அம்மா பட்டதைப் பார்த்து வளர்ந்தவன், அதனால் குடியேற்றச் சட்டம் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்கிறேன். கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைப் பார்க்கக் கூடாது என்று 2023 ஜூனில் ஹார்வர்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் சரி என்பேன்.

இந்தக் கடைசி விஷயத்தை ஒரு செமினாரில் சொன்னேன். பேராசிரியர் ஒன்றும் சொல்லவில்லை, இன்னும் ஒரு கேள்வி கேட்டு என்னை விரிவாகவே பேச வைத்தார். ஆனால் அதற்கு அப்புறம் என் குரூப் புராஜெக்டில் இருந்தவர்கள் என்னை விட்டுவிட்டுத் தனியாக ஒரு சாட் தொடங்கிவிட்டார்கள், அதில் ஒருத்தன் முதலாண்டில் என் ரூம்மேட். அதிலிருந்து வகுப்பில் பேசுவதில்லை. கட்டுரையில்கூட நான் நம்பாத முடிவை எழுதிக் கொடுக்க ஆரம்பித்திருக்கிறேன், அதுதான் ரொம்ப உறுத்துகிறது. 2025 செப்டம்பரில் யூட்டாவில் ஒரு கல்லூரி வளாகத்தில் மாணவர்களின் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோதே சார்லி கிர்க் என்ற கன்சர்வேட்டிவ் பேச்சாளரைச் சுட்டுக் கொன்றதிலிருந்து அம்மாவுக்கும் பயம். "படிக்கப் போன இடத்தில் உனக்கு எதுக்கு அரசியல்?" என்று போனில் தினமும் அதே பேச்சு.

நான் பேசலாமா, இல்லை பட்டம் வாங்கும்வரை சும்மா இருப்பதுதான் புத்திசாலித்தனமா? இங்கே படித்தவர்கள், படிப்பவர்கள் சொல்லுங்கள்.

---

கொங்கு_விவசாயி_மகன் எழுதியது:

தம்பி, நான் பிஎச்டி படித்தபோது பல செமஸ்டர் டீச்சிங் அசிஸ்டென்டாக இருந்து இளங்கலை மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்தியிருக்கிறேன், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். நம்பாத முடிவை எழுதிக் கொடுப்பதை இன்றே நிறுத்து. திருத்துகிறவருக்கு அது பெரும்பாலும் தெரிந்துவிடும், கட்டுரையில் உயிர் இருக்காது. ஒரே வாதத்தை வேறு வேறு பெயரில் முப்பது தடவை படித்து அலுத்துப்போன நேரத்தில், எதிர்ப்பக்கத்தை ஒழுங்காகப் படித்துவிட்டு மறுத்து எழுதிய ஒரு கட்டுரை வந்தால் எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருக்கும், அதன் முடிவு எனக்குப் பிடிக்காததாக இருந்தாலும் சரி.

ஆனால் "ஒழுங்காகப் படித்துவிட்டு" என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அந்தத் தீர்ப்பையே எடுத்துக்கொள். தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் எழுதியதை மட்டும் படித்துவிட்டுப் பேசினால் போதாது. கிளாரன்ஸ் தாமஸ் தனியாக எழுதியதையும் படி, சோட்டோமேயர், ஜாக்சன் இருவரும் மறுத்து எழுதியதையும் படி. தாமஸும் ஜாக்சனும் நேருக்கு நேர் மோதிக்கொள்ளும் பக்கங்கள் அதில் உண்டு. இரண்டு பேருமே கறுப்பினத்தவர், ஒரே வரலாற்றைப் பார்த்துவிட்டு நேர் எதிரான முடிவுக்கு வருகிறார்கள். அதைப் படித்தவன் வகுப்பில் பேசினால் பேச்சின் தரமே வேறாக இருக்கும்.

அப்புறம் அந்தப் பேராசிரியரின் ஆஃபீஸ் ஹவருக்குப் போ. உன்னை விரிவாகப் பேச வைத்தவர் என்றால் அவர் உனக்குக் கிடைத்த வரம். பிரின்ஸ்டனில் ராபர்ட் ஜார்ஜ் என்ற கன்சர்வேட்டிவ் பேராசிரியரும் இடதுசாரியான கார்னெல் வெஸ்டும் சேர்ந்து ஒரே வகுப்பை நடத்தியிருக்கிறார்கள், பல வருட நண்பர்கள். 2017-ல் மிடில்பரி கல்லூரியில் சார்லஸ் மர்ரி என்ற சர்ச்சைக்குரிய எழுத்தாளரைப் பேசவிடாமல் கூச்சல் போட்டு, கூட இருந்த பேராசிரியை ஒருவருக்குக் காயமே ஏற்பட்டபோது, இவர்கள் இருவரும் சேர்ந்துதான் கருத்துச் சுதந்திரத்துக்காக ஓர் அறிக்கை விட்டார்கள். அப்படிப்பட்ட ஆசிரியர்கள் எல்லா ஊரிலும் ஒன்றிரண்டு பேராவது இருப்பார்கள், தேடிப் பிடி.

---

நெய்தல் எழுதியது:

நான் உன் கருத்துகளில் பெரும்பாலானவற்றுக்கு எதிர்ப்பக்கம், தம்பி. ஆனாலும் உன்னைக் குரூப்பிலிருந்து கழற்றிவிட்டது அசிங்கமான செயல், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மார்க்குக்கான வேலையில் அப்படிச் செய்தால் பேராசிரியரிடம் போய்ச் சொல்வதில் தப்பே கிடையாது.

ஆனால் வேறு சிலவற்றையும் சொல்லியாக வேண்டும். எல்லைச் சட்டத்தைப் பற்றி வகுப்பில் நீ பேசும்போது, சிறு வயதில் ஆவணமில்லாமல் அழைத்து வரப்பட்டவர்களை நாடு கடத்தாமல் விட்டுவைக்க 2012-ல் ஒபாமா கொண்டுவந்த டாகா திட்டத்தின் தயவில் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளை உன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம். உனக்கு அது கொள்கை விவாதம், அந்தப் பிள்ளைக்கு அது அடுத்த வருடம் எந்த நாட்டில் இருப்போம் என்ற கேள்வி. அதற்காக நீ பேசக் கூடாது என்று நான் சொல்லவில்லை. எதிரில் இருப்பவர் முகம் ஏன் மாறுகிறது என்று தெரிந்து பேசு.

இன்னொன்று, நம் ஆட்கள் இதை அடிக்கடி மறந்துவிடுகிறோம். 1946 சட்டத்தின்படி அமெரிக்காவில் குடியேற இந்தியர்களுக்கு வருடத்துக்கு 100 இடம்தான் இருந்தது. 1965-ல் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டம்தான் கதவைத் திறந்தது, அந்தச் சட்டம் வந்ததே சிவில் உரிமைப் போராட்டம் நாட்டையே உலுக்கிய காலத்தில். ஒழுங்காக வரிசையில் நின்று வந்தோம் என்கிறோம், அந்த வரிசையே யார் பட்ட பாட்டில் கிடைத்தது என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

பயம் உங்கள் பக்கத்துக்கு மட்டும் சொந்தமும் இல்லை. 2025-ல் பாலஸ்தீன ஆதரவுப் போராட்டங்களில் கலந்துகொண்ட வெளிநாட்டு மாணவர்கள் சிலரின் விசாவை அரசாங்கமே ரத்து செய்தது. குரூப் சாட்டிலிருந்து கழற்றிவிடப்படுவதும் நாட்டைவிட்டுத் துரத்தப்படுவதும் ஒன்றல்ல. அவர்களுக்கும் சேர்த்து நீ கருத்துச் சுதந்திரம் கேட்கிறாயா? கேட்டால் உன்னோடு நானும் நிற்பேன்.

---

பொருநைக்கரை எழுதியது:

கேட்கிறேன், அக்கா. ரூமேசா ஓஸ்டுர்க் கைதானபோதே எங்கள் கன்சர்வேட்டிவ் மாணவர் குழுவில் இதைச் சொன்னேன், பாலஸ்தீனம் பற்றிக் கல்லூரிப் பத்திரிகையில் கட்டுரை எழுதியதற்கெல்லாம் ஒரு மாணவியைக் கைது செய்யலாமா என்று. அங்கேயும் பாதிப் பேருக்குப் பிடிக்கவில்லை. டாகா பற்றிச் சொன்னதை யோசிக்கிறேன். 1965 பற்றியும். என் கருத்து மாறவில்லை, ஆனால் அந்த வரலாற்றை விட்டுவிட்டுப் பேசுவது நேர்மையில்லை என்பது புரிகிறது.

அந்தக் குழுவைப் பற்றியும் ஒரு கேள்வி. அங்கே சிலருக்கு யாரையாவது கூப்பிட்டு வந்து வளாகத்தைச் சூடேற்ற வேண்டும், அதை வீடியோ எடுக்க வேண்டும், அவ்வளவுதான். எனக்கு அது ஒட்டவில்லை. விட்டுவிட்டு வெளியே வரலாமா?

---

சட்டம்_படிப்பவள் எழுதியது:

வராதே, உள்ளே இருந்து மாற்று. 1982-ல் யேலிலும் சிகாகோவிலும் சில கன்சர்வேட்டிவ் சட்ட மாணவர்கள் தங்களுக்கு வகுப்பில் இடமில்லை என்று நினைத்துத் தொடங்கியதுதான் ஃபெடரலிஸ்ட் சொசைட்டி. இன்றைக்கு உச்ச நீதிமன்றத்தில் அதன் செல்வாக்கு எவ்வளவு என்று உனக்கே தெரியும். அந்தச் செல்வாக்கு எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் அவர்களுடைய ஒரு வழக்கம் பிடிக்கும்: எதிர்க்கருத்துக்காரரையும் மேடைக்குக் கூப்பிட்டு விவாதம் நடத்துவார்கள். என் கல்லூரியில் அரங்கு நிறைவது அவர்களுடைய கூட்டத்துக்குத்தான்.

சட்டப்படி உன் நிலை பலமானது. நீ படிப்பது அரசுப் பல்கலைக்கழகம், பேச்சுரிமையைக் காக்கும் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் அதை நேரடியாகக் கட்டுப்படுத்தும். தனியார் கல்லூரியை அப்படிக் கட்டுப்படுத்தாது, அங்கே அவர்களே எழுதி வைத்திருக்கும் விதிகளைத்தான் பார்க்க வேண்டும். (கலிஃபோர்னியா மட்டும் விதிவிலக்கு, 1992-லேயே தனியார் கல்லூரிகளுக்கும் சேர்த்துச் சட்டம் போட்டுவிட்டார்கள்.) கருத்து பிடிக்கவில்லை என்பதற்காக ஒரு மாணவர் அமைப்புக்கு அங்கீகாரம் மறுக்கக் கூடாது என்பது 1972 ஹீலி வழக்கு. அதைப் போட்டது இடதுசாரி மாணவர்கள், இன்றைக்கு உன் குழு நிற்பது அவர்கள் வாங்கிக் கொடுத்த தீர்ப்பின் மேல்தான். எல்லா மாணவர்களிடமும் வசூலிக்கும் கட்டணத்தை அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கும்போது கருத்தைப் பார்த்துப் பிரிக்கக் கூடாது என்பது 2000-ல் விஸ்கான்சின் வழக்கில் வந்தது.

ஆனால் பக்கத்தில் இருப்பவன் உன்னோடு காபி குடிக்க வேண்டும் என்று எந்த நீதிமன்றமும் உத்தரவு போட முடியாது. அதற்குப் பேசிப் பழகுவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. அந்தப் பழைய ரூம்மேட்டிடம் தனியாகப் போய்ப் பேசிப் பார்த்தாயா?

---

செட்டிநாட்டுப்_பெரியவர் எழுதியது:

தம்பி, அம்மா பயப்படுவது நியாயம், அவர்களிடம் கோபப்படாதே. என் தகப்பனார் ராஜாஜியின் சுதந்திராக் கட்சிக்காரர். 1959-ல் நேருவின் செல்வாக்கு உச்சத்தில் இருந்தபோது, பெர்மிட் லைசென்ஸ் கோட்டா ராஜ்யம் வேண்டாம் என்று 80 வயதில் ராஜாஜி தனிக்கட்சி கண்டார். ஊரில் இவர்களைப் பணக்காரன் கட்சி, பழமைவாதி கட்சி என்றுதான் ஏசினார்கள். 1967-ல் அதே கட்சி மக்களவையில் 44 இடம் பிடித்தது. எங்கள் தகப்பனார் எதிர்க்கட்சிக்காரர்களோடு கடைசிவரை ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார், வாதமும் ஓயவில்லை, போக்குவரத்தும் நிற்கவில்லை. கருத்தை மறைத்துக்கொண்டு நாலு வருடம் இருந்தால் அதுவே பழகிவிடும், அப்புறம் வேலைக்குப் போன இடத்திலும் மறைப்பாய். பேசு, மரியாதையாகப் பேசு.

---

பொருநைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ரூம்மேட்டுக்கு மெசேஜ் அனுப்பினேன், சனிக்கிழமை சந்திக்கலாம் என்றிருக்கிறான். குழுவில் கல்லூரிச் சேர்க்கை பற்றி இரண்டு பக்கமும் பேசும் விவாதம் ஒன்றை முன்மொழிந்தேன், ஒத்துக்கொண்டார்கள், அந்தப் பேராசிரியரே எதிர்ப்பக்கத்துக்கு ஆள் தருகிறேன் என்றார். இப்போது அரங்கு ஒதுக்குபவர்கள் "சர்ச்சையான தலைப்பு, போராட்டம் வரலாம், கூடுதல் பாதுகாப்புக் கட்டணம் கட்டுங்கள்" என்கிறார்கள். கட்டித்தான் ஆக வேண்டுமா, அக்கா?

---

சட்டம்_படிப்பவள் எழுதியது:

உடனே கட்டாதே. கூட்டத்துக்கு வரப்போகும் எதிர்ப்பைக் கணக்குப் போட்டுக் கட்டணத்தை ஏற்றக் கூடாது என்று 1992-ல் ஜார்ஜியாவின் ஃபோர்சைத் கவுண்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆள் எண்ணிக்கை, அரங்கின் அளவு மாதிரி எல்லோருக்கும் பொதுவான கணக்கு என்றால் அது வேறு. கட்டணம் எப்படி வந்தது என்று எழுத்தில் கேட்டு வாங்கு. மின்னஞ்சலில் "சர்ச்சையான தலைப்பு" என்ற வார்த்தை இருந்தால் அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, மாணவர் சட்ட உதவி அலுவலகம் உங்கள் வளாகத்தில் இருக்கிறதா என்று பார்த்து அங்கே கொண்டுபோய்க் காட்டு.