யூனிடாஸா, மொன்டானாவா, பிரேடியா? காலம் மாறினால் அளவுகோலும் மாற வேண்டாமா?

ஏழுமோதிரம்:

அமெரிக்கக் கால்பந்தில் பந்தை வீசி அணியின் தாக்குதலை நடத்துபவரே குவார்ட்டர்பேக். அந்த ஆட்டத்தின் தலைசிறந்த குவார்ட்டர்பேக்குகள் என்று ஜானி யூனிடாஸை முதலிடத்திலும், ஜோ மொன்டானாவை இரண்டாம் இடத்திலும், டாம் பிரேடியை மூன்றாம் இடத்திலும் வைத்து நண்பர் பால்டிமோர்19 சென்ற வாரம் ஒரு வரிசை தந்திருந்தார். பழையவர்களை மதிப்பது வேறு, அவர்களை மேலே தூக்கி வைப்பது வேறு என்று நினைப்பதால் அந்த வரிசையை என்னால் ஏற்க முடியவில்லை.

கல்லூரி வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் 2000ஆம் ஆண்டுத் தேர்வில் 199ஆவது ஆளாக அழைக்கப்பட்ட பிரேடி, 23 பருவங்கள் ஆடி, 10 சூப்பர் பவுல்களுக்கு (பருவத்தின் இறுதிப் போட்டி) சென்று, 7 முறை வென்றார். எந்த ஓர் அணியும் தன் வரலாறு முழுவதிலும் ஏழு சூப்பர் பவுல் வென்றதில்லை. அவர் வீசிய டச்டவுன் பாஸ்கள், அதாவது எல்லைக் கோட்டைத் தாண்டிப் புள்ளி பெற்றுத் தந்த வீச்சுகள், 649. கடந்த தூரம் 89,214 யார்டு. யூனிடாஸ் 290 டச்டவுன் பாஸ்கள் வீசி, 253 முறை பந்தை எதிரணியின் கையில் கொடுத்தார் (இதுவே இடைமறிப்பு). அவரைவிட இரண்டு மடங்குக்கும் மேலாகப் பந்து வீசிய பிரேடிக்கு அந்தக் கணக்கு 212தான். இவ்வளவு பெரிய இடைவெளியைக் காலத்தின் பெயரைச் சொல்லி மூடிவிட முடியுமா என்பதே என் கேள்வி.

பால்டிமோர்19:

மூடிவிட வேண்டாம், விளக்கினால் போதும். யூனிடாஸ் ஆடிய நாளில், பந்து கையைவிட்டுப் போகும்வரை ரிசீவரை, அதாவது பாஸைப் பிடிக்க ஓடுபவரை, தடுப்பாளர் மைதானம் நெடுகிலும் இடித்துக்கொண்டே போகலாம். 1978இல்தான் ஐந்து யார்டுக்கு அப்பால் தொடக்கூடாது என்ற விதி வந்தது. குவார்ட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசையினர் கைகளை நீட்டி, விரல்களை விரித்துத் தடுக்க அனுமதி பெற்றதும் அதே ஆண்டில்தான். அந்தக் காவலர்களின் தலையில் ஓங்கி அறைந்துவிட்டு உள்ளே பாய்வது 1977வரை விதிக்கு உட்பட்ட செயல். பாஸ் வீசுவது அப்படிப்பட்ட காரியமாக இருந்த 1967இல், ஒரே பருவத்தில் 4,000 யார்டைக் கடந்த முதல் ஆளான ஜோ நேமத் 26 டச்டவுன்களுக்கு 28 இடைமறிப்புகள் தந்தார். அந்தப் பருவத்தை அன்று யாரும் தோல்வி என்று சொல்லவில்லை. 253 என்ற எண்ணை 212க்குப் பக்கத்தில் வைப்பது, காட்டுப் பாதையில் நடந்தவனின் நேரத்தையும் தார்ச்சாலையில் நடந்தவனின் நேரத்தையும் பக்கத்தில் வைப்பது போன்றது.

எனக்கு எண்ணைவிட முக்கியமாகப்படுவது பொறுப்பு. 1958 டிசம்பர் 28, யாங்கி ஸ்டேடியம். நியூயார்க் ஜயன்ட்ஸ் 17–14 என முன்னிலையில் இருக்க, இரண்டு நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில், தன் எல்லையின் 14ஆவது யார்டிலிருந்து யூனிடாஸ் தொடங்குகிறார். தன் ரிசீவர் ரேமண்ட் பெர்ரிக்கு அடுத்தடுத்து மூன்று பாஸ்கள், 62 யார்டு. ஏழு நொடி எஞ்சியிருக்கையில் ஸ்டீவ் மைராவின் ஃபீல்டு கோல் (கம்பங்களுக்கு நடுவே உதைத்துப் பெறும் மூன்று புள்ளி) ஆட்டத்தைச் சமன் செய்கிறது. சாம்பியன் பட்டத்துக்கான ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது அதுவே முதல் முறை. அங்கே 13 ஆட்டநகர்வுகளில் 80 யார்டு கடந்து, 23–17 என்று யூனிடாஸின் பால்டிமோர் கோல்ட்ஸ் வென்றது. அந்த நகர்வுகளை யாரும் அவர் காதில் ஓதவில்லை. தலைக்கவசத்துக்குள் பயிற்சியாளரின் குரல் கேட்கும் வசதி 1994இல்தான் வந்தது. எதிரணியின் நடுக்காப்பாளர் சாம் ஹஃப் ஓரடி பின்னால் போய் நிற்கிறார் என்பதைப் பார்த்து, பாஸுக்குப் பதிலாக ஆலன் அமீச்சியை நடுவில் ஓடவைத்து 23 யார்டு பெற்றது, அந்த இடத்தில் நின்றவரின் கண்ணும் மூளையும் செய்த வேலை.

நடுக்கோடு:

இருவரும் ஒரு வழியை விட்டுவிட்டீர்கள். ஒருவரின் எண்ணை நாற்பது ஆண்டு கழித்து ஆடியவரின் எண்ணோடு ஒப்பிடாமல், அதே ஆண்டில் அதே விதிகளின் கீழ் ஆடிய மற்றவர்களோடு ஒப்பிடலாம். 1984இல் டான் மரீனோ 48 டச்டவுன் பாஸ்கள் வீசினார். அந்த ஆண்டு அவருக்கு அடுத்து வந்த டேவ் கிரீக் வீசியது 32. அதற்கு முந்தைய சாதனையே 36தான். அதே பருவத்தில் மரீனோ எடுத்த 5,084 யார்டை முறியடிக்க 2011வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தன் காலத்திலிருந்து இவ்வளவு விலகி நின்ற ஒரு பருவம் இன்னொன்று இருந்தால் காட்டுங்கள்.

ஆனால் அந்த மரீனோவைத்தான் அந்தப் பருவத்தின் சூப்பர் பவுலில் மொன்டானா 38–16 என்று வீழ்த்தினார் என்பதால் என் வாக்கு மொன்டானாவுக்கு. நான்கு சூப்பர் பவுல்கள், நான்கு வெற்றிகள், 122 பாஸ்கள், 11 டச்டவுன்கள், ஓர் இடைமறிப்புகூட இல்லை. 1989 ஜனவரியில் சின்சினாட்டிக்கு எதிராக மூன்று புள்ளி பின்தங்கியிருந்தபோது 92 யார்டு நடத்திச் சென்று, 34 நொடி எஞ்சியிருக்கையில் ஜான் டெய்லரின் கையில் பந்தைச் சேர்த்த அந்த இயக்கத்தை நான் எத்தனை முறை பார்த்தேன் என்று சொல்ல முடியாது. ஒரு முறைகூட அவர் காலடி அவசரப்படவில்லை. பின்னால் மூன்று அடி, ஐந்து அடி, நின்றதும் வீச்சு. பயிற்சியாளர் பில் வால்ஷ் கற்றுக்கொடுத்த அந்தத் தாளம் கடைசி நிமிடத்திலும் கலையவில்லை.

ஏழுமோதிரம்:

நான்குக்கு நான்கு என்ற வாதத்தை எப்போது கேட்டாலும் எனக்கு வருத்தமாக இருக்கிறது. மொன்டானா சூப்பர் பவுலில் தோற்றதில்லை. அதற்கு முந்தைய சுற்றுகளில் தோற்றிருக்கிறார். 1987 ஜனவரியில் ஜயன்ட்ஸிடம் 49–3 என்று அவர் அணி வீழ்ந்த ஆட்டம் ஒன்று போதும். இறுதிவரை வந்து தோற்றவனைவிட, வழியிலேயே தோற்றவன் மேலானவன் என்று எந்த நியாயத்தில் சொல்கிறீர்கள்? பிரேடியின் மூன்று தோல்விகளும் அவர் அவ்வளவு தூரம் வந்ததற்கான சான்று.

பால்டிமோர்19 அவர்களின் வாதம் இதைவிட வலுவானது. அதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். பிரேடி ஒரே காலத்து ஆட்டக்காரர் அல்லர். ஐந்து யார்டு விதியைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தத் தொடங்கியது 2004இல்; அவர் அதற்கு முன்பே இரண்டு பட்டங்கள் வென்றுவிட்டார். தன் முதல் சூப்பர் பவுலில் அவர் எடுத்தது வெறும் 145 யார்டு. ஆனால் 17–17 என்றிருந்தபோது, 1 நிமிடம் 21 நொடி, கையில் ஒரு டைம்அவுட்டும் (கடிகாரத்தை நிறுத்தும் வாய்ப்பு) இல்லை, கூடுதல் நேரத்துக்குக் காத்திருப்பதே நல்லது என்று வர்ணனையாளர் ஜான் மேடனே சொல்லிக்கொண்டிருக்க, தன் 17ஆவது யார்டிலிருந்து அணியை ஃபீல்டு கோல் தூரத்துக்குக் கொண்டுசேர்த்தார். நீங்கள் 1958இல் வியக்கும் அதே குணம் இது. 2007இல் 50 டச்டவுன் வீசிய பருவமும், 2017 பிப்ரவரியில் அட்லான்டாவிடம் 28–3 என்று பின்தங்கி, 39 வயதில் 466 யார்டு வீசி 34–28 என்று மீண்ட ஆட்டமும், 43 வயதில் வேறோர் அணிக்காகக் கன்சாஸ் சிட்டியை 31–9 என்று வென்ற ஆட்டமும் ஒரே மனிதருடையவை. விதியும் அணியும் உடலும் மாறிய பிறகும் முடிவு மாறவில்லை. ஒருவரைக் காலங்களுக்கு ஊடாக அளக்க இதைவிட நல்ல சோதனை ஏது?

மழைமாலை:

இதுவரை யாரும் தொடாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவரவர் காலத்தவரோடு ஒப்பிடுங்கள் என்ற நடுக்கோட்டின் வழி நியாயமாகத் தெரிகிறது. ஆனால் அந்தக் காலத்தவர் என்போர் யார்? யூனிடாஸ் ஆடிய நாளில் குவார்ட்டர்பேக் இடத்தை ஏறத்தாழ முழுவதும் வெள்ளையருக்கென்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். கல்லூரியில் அந்த இடத்தில் ஆடி வந்த கறுப்பின இளைஞர்களை ரிசீவராகவோ தடுப்பாளராகவோ மாற்றினார்கள். தலைமைப் பண்பு போதாது என்று காரணமும் சொன்னார்கள். வாஷிங்டன் அணி 1962வரை ஒரு கறுப்பின வீரரைக்கூட ஆடவிடவில்லை.

இது பழங்கதையாக முடிந்தும் போகவில்லை. 1978இல் கல்லூரி ஆட்டத்தில் பெயர்பெற்றிருந்த வாரன் மூனை எந்த அணியும் தேர்ந்தெடுக்கவில்லை. அவர் கனடா போனார். எட்மன்டன் அணியோடு தொடர்ந்து ஐந்து கிரே கோப்பைகள் (கனடா லீகின் பட்டம்) வென்றார். 1984இல் ஹூஸ்டனுக்காக ஆடத் தொடங்கியபோது ஆறு பருவங்கள் கழிந்திருந்தன. அதற்குப் பிறகும் அமெரிக்காவின் என்எஃப்எல் லீகில் அவர் வீசிய டச்டவுன் பாஸ்கள் 291. யூனிடாஸைவிட ஒன்று கூடுதல். அந்த ஆறு ஆண்டுகளை அவருக்கு யார் திருப்பித் தருவார்கள்? சக குவார்ட்டர்பேக்குகளைவிட யூனிடாஸ் எவ்வளவு உயர்ந்து நின்றார் என்று அளக்கும்போது, பந்தயத்துக்கே வரவிடாமல் தடுக்கப்பட்டவர்கள் அந்த அளவில் இல்லை. நான் யாரையும் குறைத்துப் பேச வரவில்லை. ஆனால் இதைச் சொல்லாமல் எழுதும் எந்த வரிசையும் எனக்குப் பாதி வரிசையாகவே படுகிறது.

பால்டிமோர்19:

மழைமாலை சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். இதை நானே முதலில் எழுதியிருக்க வேண்டும். சக குவார்ட்டர்பேக்குகளோடு ஒப்பிட்டு யூனிடாஸை உயர்த்தும் வாதத்தை இனி நான் பயன்படுத்த மாட்டேன்.

ஆனால் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். குவார்ட்டர்பேக் இடம் அடைபட்டிருந்ததே தவிர, அவர் பந்து வீசிய தடுப்பு வரிசைகளில் கறுப்பின வீரர்கள் இருந்தார்கள். 'நைட் ட்ரெய்ன்' லேன், எம்லன் டன்னல் போன்றவர்கள் அந்தக் காலத்தின் தலைசிறந்த தடுப்பாளர்கள். அவருடைய பக்கத்திலும் லென்னி மூர், ஜிம் பார்க்கர் ஆகியோர் இல்லாமல் அந்த அணி இல்லை. ஆகவே, அவர் யாரைவிடச் சிறந்தவர் என்ற கேள்வி ஆட்டம் கண்டாலும், அவர் எதை எதிர்கொண்டார் என்பது அப்படியே நிற்கிறது.

எதிர்கொண்டதை எண்ணால் காட்ட முடியாது என்பதால் இரண்டு காட்சிகளைச் சொல்கிறேன். 1960 நவம்பரில் சிகாகோ பேர்ஸ் அணியினர் அவர் முகத்தைக் கிழித்தார்கள். ரத்தம் நிற்காததால் சக வீரர் ஒருவர் மைதானத்து மண்ணை அள்ளி மூக்கில் அடைத்தார் என்பது அந்த அணியினர் வழிவழியாகச் சொல்லிவந்த செய்தி. அப்படியே நின்று, கடைசி நொடிகளில் லென்னி மூருக்கு டச்டவுன் பாஸ் வீசி ஆட்டத்தை வென்றார். மற்றொன்று, ஓய்வுக்குப் பல ஆண்டுகளுக்குப் பிந்தையது. 1968இல் முழங்கையில் பட்ட காயத்தின் தொடர்ச்சியாக அவருடைய வலது கை விரல்கள் செயலிழந்துபோயின. கோல்ஃப் ஆடும்போது இடது கையால் வலது கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, மட்டையோடு ஒட்டுப் பட்டையால் கட்டிக்கொள்வார். 40,239 யார்டு பந்து வீசிய கை அது. இன்று குவார்ட்டர்பேக்கின் முழங்காலைத் தாக்கினாலும், முழு எடையோடு அவர்மேல் விழுந்தாலும் தண்டனை உண்டு. அந்த விதிகள் தேவை என்பதே என் நிலைப்பாடு. அவை இல்லாத நாளில் 18 பருவங்கள் ஆடியவரை அவற்றின் நிழலில் 23 பருவங்கள் ஆடியவரோடு ஒப்பிடும்போது, அந்த ஐந்து பருவ வித்தியாசம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

நடுக்கோடு:

மொன்டானாவும் முதுகு அறுவைச் சிகிச்சைக்குப் பின் இரண்டு மாதத்துக்குள் திரும்பி வந்தவர்தான் என்பதைப் பதிவு செய்துவிடுகிறேன். 1991 ஜனவரியில் லெனர்ட் மார்ஷல் பின்னாலிருந்து மோதியது அவரை ஏறத்தாழ இரண்டு பருவங்கள் வெளியே உட்காரவைத்தது. பாதுகாப்பு என்பது யூனிடாஸுக்கு மட்டும் இல்லாத ஒன்றல்ல.

ஏழுமோதிரம்:

1958 ஆட்டத்தின் கிடைக்கக்கூடிய படச்சுருள்களை நேற்று இரவு பொறுமையாகப் பார்த்தேன். கூடுதல் நேரத்தில், எல்லைக் கோட்டுக்கு எட்டு யார்டுக்குள் வந்துவிட்ட பிறகு, ஒரு ஃபீல்டு கோல் அடித்தால் பட்டம் கையில் என்ற நிலையில், யூனிடாஸ் ஓரக்கோட்டை ஒட்டி ஜிம் மட்ஷெல்லருக்குப் பந்தை வீசுகிறார். எதிரணிக்காரர் ஒருவர் அதைத் தட்டிப் பறித்திருந்தால் முன்னால் வெறும் மைதானம்தான். மட்ஷெல்லர் பிடித்து, ஒரு யார்டு கோட்டருகே வெளியே விழுகிறார். அடுத்த நகர்வில் அமீச்சி உள்ளே ஓடுகிறார்.

பிரேடி அந்த இடத்தில் அந்தப் பந்தை வீசியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். வீசாமல் இருப்பதுதான் சரி என்றும் நினைக்கிறேன். என் முதலிடம் அவருக்கே. ஆனால் யூனிடாஸை மொன்டானாவுக்கு மேலே வைக்க எனக்கு இப்போது தயக்கமில்லை. மூனை எங்கே வைப்பது என்று மழைமாலை சொன்னால், அதைப் பற்றியும் பேச விரும்புகிறேன்.