டிவிடி நகலில் ஸ்டீரியோவா, 5.1-ஆ? உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள்

கெடிலக்கரை, கடலூர்

போன பொங்கலில் இருந்து மனதில் கிடக்கிறது, எழுதிவிடுகிறேன். அப்பா 2007-இல் ஒரு ஹேண்டிகேம் வாங்கினார். 8 செ.மீ. குட்டி டிவிடியில் பதிவாகும் வகை. 1.4 ஜிபி வட்டு, நல்ல தரத்தில் எடுத்தால் 20 நிமிடத்தில் நிறைந்துவிடும். தலையில் 5.1 மைக், அதாவது ஸ்டீரியோ மாதிரி இடது, வலது என்று இரண்டு சேனலாக இல்லாமல் முன், நடு, பின் என்று ஆறு சேனலாக ஒலியைப் பிடிப்பது. தங்கையின் மஞ்சள் நீராட்டு, சில்வர் பீச், பாடலீஸ்வரர் கோயில் தேர் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோது ஓடு பறந்து பீரோ நனைந்தது, 11 வட்டில் 4 போய்விட்டது. மீதி ஏழு வட்டையாவது காப்பாற்றலாம் என்று ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றினேன்.

வீட்டு டிவியில் இருப்பது இரண்டே ஸ்பீக்கர், ஆறு சேனல் எதற்கு என்று நினைத்தேன். ஒலியை ஆறு தனித்தனிக் கோப்பாகப் பிரித்து, முன் இடது, முன் வலது இரண்டை மட்டும் படத்தோடு சேர்த்தேன். ஒரு வட்டைப் போட்டுக் கேட்டேன், நாதஸ்வரம் நன்றாக இருந்தது. ஏழு வட்டையும் அப்படியே முடித்துவிட்டேன்.

பொங்கலுக்குத் தங்கை வந்திருந்தாள். சில்வர் பீச் காட்சி ஓடுகிறது. அலையை விட்டு ஓடி வருகிறாள், பாதியில் நின்று கேமராவைப் பார்த்து "வரலப்பா, ஈரமா இருக்கு" என்கிறாள். எதற்குப் பதில் சொல்கிறாள்? அதற்கு முன்னால் வெறும் காற்றுச் சத்தம்தான். தங்கை ரிமோட்டை வாங்கிப் பின்னால் ஓட்டினாள். மூன்று முறை ஓட்டினாள். அப்புறம் "அண்ணா, அப்பா பேசினது எங்க?" என்றாள்.

கேமராவைப் பிடித்திருந்தவர் அப்பா. மைக்குக்குப் பின்னால் இருந்து பேசியவரின் குரல் பின் சேனல் இரண்டில்தான் விழுந்திருக்கிறது. நான் தூக்கிப் போட்டது அதைத்தான். அப்பா 2014-இல் தவறிவிட்டார். வேலை முடிந்தது என்று வட்டுகளை அம்மாவிடம் கொடுத்திருந்தேன். இப்போது எங்கே என்று கேட்டால் அம்மாவுக்கும் நினைவில்லை.

முத்தியால்பேட்டை, புதுச்சேரி

படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. என்னுடையது வேறு மாதிரி. எங்கள் தாத்தா சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் அங்கிருந்து கொண்டுவந்த பிரெஞ்சுப் பட டிவிடி ஒன்றைத் தினமும் போடுவார். பிராந்திய எண் 2 வட்டு அது, இங்கே விற்கும் பிளேயருக்கு எண் 5, எண் பொருந்தாவிட்டால் ஓடாது. அதற்கென்று எண் தடையைத் திறந்துவிட்ட ஒரு பழைய பிளேயர் இருந்தது. வட்டு கீறல் விழத் தொடங்கியதால் அன்றாடம் போட ஒரு நகல் எடுத்துக் கொடுத்தேன்.

8.5 ஜிபி வட்டை 4.7 ஜிபி வட்டுக்குள் அடக்க வேண்டும். ஒலித் தடங்களைப் பார்த்தேன். பிரெஞ்சு 5.1, நொடிக்கு 448 கிலோபிட். பிரெஞ்சு 2.0, அதாவது இரண்டு சேனல், 192 கிலோபிட். தாத்தா டிவிக்கு இரண்டு சேனல் போதாதா என்று இரண்டாவதை மட்டும் வைத்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தபோதுதான் காதில் விழுந்தது. படத்தில் கதாநாயகி அழுகிறாள், மேலே ஒரு ஆண் குரல் நிதானமாகப் பேசிக்கொண்டே போகிறது. இயக்குநரின் விளக்கவுரைத் தடம் அது. "தாத்தா, எப்பவுமே இப்படியா வருது?" என்றேன். "ஆமா, நகல்னா இப்படித்தான் போல" என்றார். இரண்டு மாதம் அதையே பார்த்திருக்கிறார், ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று ராத்திரியே அசலில் இருந்து மறுபடி எடுத்துக் கொடுத்தேன். ஆனாலும் அந்த "இப்படித்தான் போல" இன்னும் காதில் இருக்கிறது.

பாதிரிக்கொன்றை, திருப்பாதிரிப்புலியூர்

இரண்டு பேரும் ஸ்டீரியோவைக் குற்றவாளி ஆக்கிவிட்டீர்கள். 15 வருடமாகக் கல்யாண வீடியோ எடிட் செய்கிறேன், ஒன்று சொல்லியாக வேண்டும்.

என் அனுபவம் சின்னது. ஒருவர் "எங்கள் வீட்டில் ஹோம் தியேட்டர் இருக்கு, 5.1-ல போட்டுக் கொடுங்க" என்றார். கேமரா மைக்கில் வந்தது இரண்டே சேனல். அதையே மென்பொருளில் ஆறாக்கிக் கொடுத்தேன். மறுநாள் போன் வந்தது. "ஐயர் மந்திரம் சொல்றது முதுகுக்குப் பின்னாடி கேக்குது, கெட்டிமேளம் முன்னாடி கேக்குது." அன்றோடு அந்த வேலையை விட்டேன். இரண்டாக வந்தது இரண்டாகவே போகட்டும்.

கெடிலக்கரை தம்பி, நீங்கள் செய்தது ஸ்டீரியோவே இல்லை. ஆறில் நான்கை எடுத்துக் குப்பையில் போட்டது. ஸ்டீரியோவாக மாற்றுவது என்றால் நடு சேனலை 3 டெசிபல் போலக் குறைத்து இரண்டு பக்கத்திலும் கலக்க வேண்டும், பின் சேனலையும் குறைத்து அந்தந்தப் பக்கத்தில் சேர்க்க வேண்டும். அந்த '.1' என்பது அதிரும் தாழ்ந்த ஒலிக்கான பேஸ் சேனல், அதைப் பொதுவாக விட்டுவிடுவார்கள், அதனால் பேச்சுக்கு நஷ்டமில்லை. டிவிடியில் வழக்கமாக வரும் டால்பி வகை ஒலியில் பின் சேனலை எந்த அளவு கலக்கலாம் என்று ஒரு குறிப்பே உள்ளே எழுதியிருக்கும். 3 டெசிபல் குறைத்து, 6 டெசிபல் குறைத்து, இல்லாவிட்டால் சேர்க்கவே வேண்டாம் என்றும் இருக்கலாம். அதனால் மென்பொருள் செய்ததை நம்பி விடாமல் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

இடக் கணக்கையும் பாருங்கள். இரண்டரை மணி நேரப் படத்துக்கு 448 கிலோபிட் 5.1 சுமார் 504 எம்பி. 192 கிலோபிட் ஸ்டீரியோ 216 எம்பி. 4.7 ஜிபி வட்டில் அந்த 288 எம்பி படத்துக்குப் போனால் இருட்டுக் காட்சியில் கட்டம் கட்டமாக உடைவது குறையும். டிடிஎஸ் என்ற இன்னொரு வகை ஒலித் தடத்தை முழு அளவில், 1509 கிலோபிட், வைத்தால் ஒலிக்கே 1.7 ஜிபி போய்விடும். அதோடு படம் பிழிந்த துணி மாதிரி ஆகிவிடும். ஹார்ட் டிஸ்க்கில் வைப்பதானால் இந்தக் கணக்கு வேண்டியதில்லை, அங்கே இடத்துக்குப் பஞ்சமில்லை. வட்டில் இருந்து வட்டுக்கு என்றால் ஸ்டீரியோதான், நான் மாற மாட்டேன்.

முத்தியால்பேட்டை சார், தடத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்திருந்தால் போதும். பெயரையும் எண்ணையும் மட்டும் பார்த்து எடுக்கக் கூடாது.

லாஸ்பேட்டை, புதுச்சேரி

பாதிரிக்கொன்றை அண்ணா, கல்யாண வீடியோவுக்கு நீங்கள் சொல்வது சரி. படத்துக்கு ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அம்மாவுக்குக் காது மந்தம். நான் எடுத்து வைத்த நகல் எல்லாம் முறையாகக் கலந்த ஸ்டீரியோதான். அப்படியும் படம் போட்டால் அம்மா கையில் ரிமோட்டோடுதான் உட்காருவார். பேச்சு வந்தால் 60, சண்டை வந்தால் 15. ஒரு நாள் ராத்திரி பத்து மணிக்கு அம்மாவும் மகளும் பேசும் காட்சி, சத்தம் 60-இல் இருக்கிறது, அடுத்த நொடி வீடு வெடிக்கிறது. மாடி வீட்டுக் கைக்குழந்தை வீறிட்டு அழுதது. அம்மா அப்படியே ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனவர், அதற்கப்புறம் ஒரு மாதம் படமே பார்க்கவில்லை.

படத்தில் பேச்சு பெரும்பாலும் நடு சேனலில்தான் இருக்கிறது. கலந்துவிட்டால் அதை மட்டும் தனியாகத் தூக்க வழியில்லை. பழைய ஆம்ப்ளிஃபையர் ஒன்று வாங்கி, மூன்றே ஸ்பீக்கர் வைத்து, 5.1 தடத்தை மாற்றாமல் அப்படியே அனுப்பி, நடு ஸ்பீக்கரை மட்டும் கூட்டி வைத்தேன். பின் ஸ்பீக்கர் இல்லை என்று அதிலேயே சொல்லிவிட்டால் அந்த ஒலியை முன்னால் சேர்த்துக்கொள்கிறது. இப்போது அம்மா ரிமோட்டைத் தொடுவதில்லை. 288 எம்பிக்காக இதை விடச் சொல்கிறீர்களா?

முதுநகர்க்காரன்

5.1-ஐ அப்படியே அனுப்பு என்று சொல்வதற்கு முன் ஒன்று. சித்தி வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் பரங்கிப்பேட்டை போனோம். பாட்டிக்குப் பிடித்த பழைய படத்தை டிடிஎஸ் தடத்தோடு பென் டிரைவில் கொண்டுபோயிருந்தேன். பாய் விரித்துப் பதினான்கு பேர் உட்கார்ந்தார்கள். படம் வந்தது, சத்தம் வரவில்லை. அந்த டிவிக்கு டிடிஎஸ் தெரியாது. பாட்டி காதில் இருந்த மெஷினைக் கழற்றிப் பேட்டரியைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார். அவருக்குத்தான் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டார். நான் போய் "பாட்டி, உங்க காதுல ஒண்ணுமில்ல" என்று சொல்வதற்குள் தவித்துவிட்டேன். அதிலிருந்து ஒரே கோப்பில் முதல் தடம் ஸ்டீரியோ, இரண்டாவது 5.1 என்று இரண்டையும் வைக்கிறேன்.

பாதிரிக்கொன்றை, திருப்பாதிரிப்புலியூர்

லாஸ்பேட்டை தங்கச்சி, உங்கள் அம்மா விஷயத்தில் நீங்கள் செய்ததுதான் சரி. நடு ஸ்பீக்கர் கோணத்தை நான் யோசிக்கவில்லை. ஆனால் எல்லார் வீட்டிலும் ஆம்ப்ளிஃபையர் இருக்காது. பிளேயர் மெனுவில் ஒலி ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் அமைப்பு இருக்கும், சிலவற்றில் 'நைட் மோட்' என்று போட்டிருப்பான். டால்பி தடத்தில் அது வேலை செய்யும். முதலில் அதைப் போட்டுப் பார்க்கச் சொல்லலாம்.

கெடிலக்கரை தம்பி, வட்டு கிடைத்ததா? கிடைத்தால் எதையும் மாற்றாமல் முதலில் வட்டை முழுசாக அப்படியே ஹார்ட் டிஸ்க்கில் இறக்குங்கள். வட்டு கம்ப்யூட்டரில் படிக்காவிட்டால் தூக்கிப் போடாதீர்கள், ஃபைனலைஸ் செய்யாத, அதாவது மற்ற கருவியிலும் படிக்கும்படி பதிவை முடித்து வைக்காத வட்டாக இருக்கலாம். அதே ஹேண்டிகேமில் போட்டால் திறக்கும்.

கெடிலக்கரை, கடலூர்

கிடைத்துவிட்டது. தையல் மெஷின் டிராயரில், பாபின் டப்பாவுக்கு அடியில், பழைய தினசரித் தாளில் சுற்றி வைத்திருந்தார் அம்மா. ஏழில் ஆறு படித்தது. ஏழாவதை ஹேண்டிகேமில் போட்டதும் திறந்தது, அண்ணன் சொன்னபடி ஃபைனலைஸ் செய்யாமல் விட்டதுதான்.

ஆறு சேனலையும் தொடாமல் ஒரு பிரதி, அம்மா டிவிக்கு எல்லாம் கலந்த ஸ்டீரியோ ஒரு பிரதி. சில்வர் பீச்சில் மட்டும் பின் சேனலைக் கொஞ்சம் தூக்கிக் கலந்தேன். காற்று இரைச்சலும் கூடவே வருகிறது, பரவாயில்லை.

"மண்ணுல உக்காரு, ஒரு போட்டோ மாதிரி எடுத்துடறேன்" என்று கேட்டிருக்கிறார் அப்பா. அதற்குத்தான் "வரலப்பா, ஈரமா இருக்கு." அப்புறம் அவர் சிரிப்பது இரண்டு நொடி கேட்கிறது. அந்த இடத்தை மட்டும் வெட்டித் தங்கைக்கு அனுப்பினேன். நேற்று ராத்திரி அனுப்பியது, காலையில் பார்த்தால் தவறிய அழைப்பு ஒன்பது. நான் தூங்கிவிட்டிருந்தேன்.