அல்தமூராவில் அம்மாவுக்குக் கிடைத்த சாப்பாடு

தெற்கு இத்தாலியில் பாரியிலிருந்து மத்தேராவுக்குப் போகும் சின்ன ரயிலில் வழியில் வரும் ஊர் அல்தமூரா. அங்கே இறங்குவதாகவே இல்லை. அம்மாவுக்குத் தலை சுற்றியது, இறங்கிவிட்டோம். சுத்த சைவம் அவர். முந்தைய எட்டு நாளும் சீஸ் பீட்சாவும் வாழைப்பழமுமாக ஓட்டியிருந்தார்.

மணி இரண்டேகால். அந்தப் பக்கமெல்லாம் இரண்டரை, மூன்றுக்குள் அடுப்பை அணைத்துவிட்டால் அப்புறம் ராத்திரி ஏழரைக்குத்தான். இரண்டு கடைகளில் கையை விரித்துவிட்டார்கள். 1232இல் இரண்டாம் ஃபிரெடரிக் மன்னர் கட்டச் சொன்ன பேராலயம் ஒன்று இருக்கிறது. அதன் நிழலில் அம்மாவைக் கொஞ்ச நேரம் உட்கார வைத்தேன். பிறகு மெல்ல நடந்தோம். பழைய ஊருக்குள் சந்துகள் திடீரென்று ஒரு சிறு முற்றத்தில் போய் முட்டி நிற்கும். கிளாவ்ஸ்த்ரோ என்கிறார்கள். அப்படி ஒன்றிலிருந்து பூண்டு வதங்கும் வாசனை வந்தது.

மொத்தம் ஐந்து மேஜை. மெனு கார்டு இல்லை. எனக்குத் தெரிந்த 'சென்ஸா கார்னே, சென்ஸா பெஷே'யைச் சொன்னேன். கறி வேண்டாம், மீன் வேண்டாம், அவ்வளவுதான். கடைக்கார அம்மாள் என்னைக் கவனிக்கவே இல்லை. அம்மா முகத்தைப் பார்த்தார், நாற்காலியை இழுத்துப் போட்டார், தண்ணீரும் ரொட்டியும் வைத்துவிட்டு உள்ளே போனார்.

வந்தது ஃபாவே எ சிகோரியா. ஃபாவா என்ற காய்ந்த பயறைத் தோல் நீக்கிக் குழைய வேகவைத்து, மரக்கரண்டியால் மசித்திருந்தார்கள். பக்கத்தில் லேசாகக் கசக்கும் சிகோரிக் கீரை. நாம் நெய் விடுவதுபோல மேலே பச்சை வாசம் போகாத ஆலிவ் எண்ணெயைச் சுற்றி ஊற்றினார். அம்மா ரொட்டியைப் பிய்த்துத் தொட்டு ஒரு வாய் வைத்தார். "டேய், இது நம்ம பருப்புக் கடைசலும் கீரையும்தாண்டா!" கரண்டியை ஒதுக்கிவிட்டு முழுத் தட்டையும் கையாலேயே சாப்பிட்டார். கடைக்கார அம்மாள் கேட்காமலே இன்னும் கொஞ்சம் கொண்டுவந்து வைத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த ரொட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஊர்ப் பெயரே அதற்குப் பெயர். அந்தப் பெயருக்கு 2003 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாப்பு உண்டு. துரும் கோதுமை ரவையில் செய்வதால் உள்ளே மஞ்சளாக இருக்கும். மேலோடு குறைந்தது 3 மில்லிமீட்டர் தடிமன் இருக்க வேண்டுமாம். முன்பெல்லாம் வீட்டில் மாவு பிசைந்து பொது அடுப்புக்கு அனுப்புவார்கள். யார் வீட்டு ரொட்டி என்று தெரிய, குடும்பத்தின் முதலெழுத்தை முத்திரையாகப் பதிப்பார்கள். கடைக்கார அம்மாள் சுவரில் மாட்டியிருந்த மர முத்திரை ஒன்றைக் கழற்றி அம்மா கையில் கொடுத்தார். பிடி தேய்ந்து வழவழவென்று இருந்தது. அம்மா வெகுநேரம் அதைத் தடவிக்கொண்டே இருந்தார்.

தலைக்கு 2 யூரோ கோபெர்த்தோ, அதாவது மேஜைக் கட்டணம், சேர்த்து இருவருக்கும் 22 யூரோதான்.

அல்தமூரா இருக்கும் புல்யா மாநிலத்துப் பக்கம் போகிற சைவக்காரர்கள் ஃபாவே எ சிகோரியாவைப் பெயர் சொல்லியே கேளுங்கள். ஒரெக்கியெத்தே பாஸ்தாவைக் கீரையோடு கேட்டால் மட்டும் 'சென்ஸா அச்சூகே' என்று சேர்த்துச் சொல்லுங்கள். அதில் நெத்திலி போடுவது வழக்கம்.

கிளம்பும்போது ஒரு கிலோ ரொட்டி வாங்கிக்கொண்டோம். ஐந்தாம் நாள் ரோமில் அறையில் உட்கார்ந்து கடைசித் துண்டை நார்த்தங்காய் ஊறுகாயோடு சாப்பிட்டார் அம்மா. உள்ளே அப்போதும் மெத்தென்றுதான் இருந்தது.