407 கேரவனுக்குப் பின் டயர்: ரேடியலா, நைலானா?

போடியில் இருக்கிறோம். 2014 மாடல் டாடா 407 சிறு லாரியைக் கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டியோடு கேரவனாக மாற்றி, அப்பா அம்மாவுடன் மாதம் ஒரு முறை போடிமெட்டு வழியாக மூணாறு போய் வருகிறோம். இப்போது பின் டயர் நான்கையும் மாற்றியே ஆக வேண்டும்.

டயர் அளவு 7.50-16, 16 பிளை (சுமை தாங்கும் வலிமையின் அளவு) நைலான், அதாவது உள்ளே இழைகள் குறுக்கும் மறுக்குமாகப் போகும் வகை, டியூபோடு. பக்கச் சுவரில் 2318 என்று இருக்கிறது, அதாவது 2018-ம் வருடம் 23-வது வாரம் செய்தது. பட்டன் (தரையில் படும் மேடுகள்) இன்னும் தேயவில்லை, ஆனால் சுவரெல்லாம் வெடிப்பு. இடது உள் டயர் மட்டும் ஒரு ஓரமாகத் தேய்கிறது. ஜூலை மழையில் கொண்டை ஊசி வளைவில் இறங்கும்போது பின்பக்கம் லேசாக இழுத்தது. அம்மா பயந்துவிட்டார், எனக்கும் கை நடுங்கியது.

காற்றைச் சரிபார்த்தோம், டயர்களை இடம் மாற்றிப் போட்டோம். எடை மேடையில் பின் அச்சு மட்டும் 3,900 கிலோ வந்தது. இடது ஓரத்தில் இருந்த 200 லிட்டர் தொட்டியை நடுவுக்கு நகர்த்தினோம். ஆட்டம் குறைந்தது, தேய்மானம் நிற்கவில்லை. ஸ்பிரிங் பட்டையையும் சக்கர பேரிங்கையும் மெக்கானிக் பார்த்துவிட்டார், பழுது இல்லை என்கிறார்.

முன் டயர் இரண்டும் போன வருடம் போட்ட நைலான். ஒரே அச்சில் இரண்டு வகையைக் கலக்கக் கூடாது என்று தெரியும். கடைக்காரர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

முன்னால் நைலான் அப்படியே இருக்க, பின்னால் நான்குக்கும் ரேடியல் (இழைகள் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நேராகப் போகும் வகை) போட்டு மலைச்சாலையில் மழையில் ஓட்டியவர்கள் இருந்தால், வளைவில் பிடிப்பு எப்படி இருந்தது?