இஸ்திகாராவில் கறுப்பு வந்தால் சம்பந்தம் வேண்டாமா?

பாலாற்றுமணல்:
அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் வேலூர் கஸ்பா. தங்கைக்கு மேல்விஷாரத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையன் ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனி சூப்பர்வைசர். பேச்சு நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது தாதிமா (அப்பாவின் அம்மா) தனக்குத் தெரிந்த ஒரு ஹஜ்ரத்திடம் (மார்க்கப் பெரியவர்) இஸ்திகாரா (முடிவெடுக்குமுன் இறைவனிடம் நல்லதைக் கேட்பது) பார்க்கச் சொன்னார். மூன்றாம் நாள் கனவில் கறுப்புத் துணி வந்ததாம், 'வேண்டாம்' என்று சொல்லி அனுப்பிவிட்டார். அத்தோடு பேச்சு நின்றுவிட்டது. தங்கை இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. இஸ்திகாரா என்றால் இதுதானா?

விஷாரத்துக்காரன்:
வ அலைக்கும் ஸலாம். இது இல்லை. நபித்தோழர் ஜாபிர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் (நபிமொழி) புகாரி தொகுப்பில் இருக்கிறது. குர்ஆனின் சூராவைக் கற்றுத் தருவதுபோல நபி (ஸல்) எல்லாக் காரியங்களுக்கும் இஸ்திகாராவைக் கற்றுத் தந்தார்கள் என்கிறார். ஃபர்ளு (கட்டாயத் தொழுகை) அல்லாத இரண்டு ரக்அத் தொழுகை, பிறகு துஆ (பிரார்த்தனை). முடிந்தது. கனவு என்றோ, தூங்கு என்றோ அதில் ஒரு சொல் கிடையாது.

துஆவின் பொருளைப் பாருங்கள். 'நீ அறிவாய், நான் அறியேன். இது என் மார்க்கத்துக்கும் வாழ்வுக்கும் முடிவுக்கும் நல்லதென்றால் எனக்கு விதித்து எளிதாக்கு. கெட்டதென்றால் அதை என்னிடமிருந்தும் என்னை அதிலிருந்தும் திருப்பிவிடு. நன்மை எங்கிருந்தாலும் அதைக் கொடுத்து என்னைத் திருப்திப்படுத்து.' அடையாளம் காட்டு என்று எங்கே கேட்கிறோம்? நடத்திக் கொடு, இல்லையேல் தடுத்துவிடு என்றுதான் கேட்கிறோம். அப்புறம் இன்னொன்று: கல்யாணம் ஹஜ்ரத்துக்கா, தங்கைக்கா?

ஹனஃபிவீடு:
தம்பி உமராபாத் மதரஸாவில் ஓதியவர்போல நேரே ஹதீஸுக்குப் போய்விட்டார். கறுப்பு, வெள்ளை என்பது தாதிமா கட்டிய கதை இல்லை. ஹனஃபி மத்ஹபின் (சட்ட மரபின்) பெரிய கிதாபான (நூலான) ரத்துல் முஹ்தாரில் இப்னு ஆபிதீன் எழுதியிருக்கிறார்: துஆ ஓதி, உளுவோடு (கை, கால், முகம் கழுவிய தூய்மையோடு) கிப்லாவை (மக்கா திசையை) நோக்கித் தூங்க வேண்டும், கனவில் வெள்ளையோ பச்சையோ கண்டால் நன்மை, கறுப்போ சிவப்போ கண்டால் தவிர்க்க வேண்டும். நல்ல கனவு நபித்துவத்தின் 46 பங்குகளில் ஒன்று என்பதும் புகாரி ஹதீஸ்தான். பெரியவர்கள் செய்து வந்ததைக் கேலி செய்யாதீர்கள்.

விஷாரத்துக்காரன்:
கேலி செய்யவில்லை பாய். அதே இடத்தில் அவர் எப்படி ஆரம்பிக்கிறார் என்பதையும் சொல்லுங்கள். 'மஷாயிகுகளிடம் (மார்க்கப் பெரியவர்களிடம்) கேள்விப்பட்டது' என்றுதான் எழுதுகிறார், நபி (ஸல்) சொன்னதாக அல்ல. அப்படியே எடுத்துக்கொண்டாலும், தூங்கிக் கனவு காண வேண்டியவர் தொழுதவர். இங்கே காரியம் ஒருவருக்கு, தூக்கம் இன்னொருவருக்கு.

ஹனஃபிவீடு:
பிறருக்காக இஸ்திகாரா செய்யலாம் என்று சொன்ன ஆலிம்களும் (மார்க்க அறிஞர்களும்) உண்டு. கதவை ஒரேயடியாக மூடாதீர்கள்.

கோட்டைமைதானம்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும், நான் முஸ்லிம் இல்லை. எங்கள் வீட்டில் கோயிலில் பூ கேட்போம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், சின்னப் பிள்ளையை விட்டு எடுக்கச் சொல்வோம். நீங்கள் சொல்வதும் அதுதானே? என் பெரியப்பா வேண்டாத பூ வந்தால் 'பிள்ளை சரியாக எடுக்கவில்லை' என்று மறுபடி எடுக்கச் சொல்வார். அக்கா கல்யாணத்துக்கு நாலு தடவை எடுத்தார்கள்.

ஹனஃபிவீடு:
அது வேறு, இது வேறு. அம்பு போட்டு முடிவு பார்ப்பதைக் குர்ஆன் மாயிதா சூராவில் தடுத்திருக்கிறது. ஃபால் (குறி) பார்ப்பதும் எங்களிடம் கூடாது.

விஷாரத்துக்காரன்:
இதில் பாய் பக்கம்தான் நான். ஆனால் கனவின் நிறத்தை வைத்து 'ஆம், இல்லை' எடுத்தால் நண்பர் கேட்ட கேள்விக்கு நம்மிடம் பதில் பலவீனமாகிவிடுகிறது, அதையும் யோசியுங்கள். பெரியப்பா நாலு தடவை எடுத்ததைப் படித்துச் சிரித்தேன். எங்கள் தெருவில் ஏழு நாள் இஸ்திகாரா பார்த்தும் 'தெளிவாக வரவில்லை' என்று எட்டாம் நாள் ஆரம்பித்தவர்கள் உண்டு.

ஆம்பூர்மருமகள்:
இவ்வளவு பேசிவிட்டீர்கள். அந்தப் பெண்ணிடம் யாராவது கேட்டீர்களா?

ஜைனப் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) பெண் கேட்டு ஆள் அனுப்பியபோது, 'என் ரப்பிடம் (இறைவனிடம்) கேட்காமல் எதுவும் செய்ய மாட்டேன்' என்று சொல்லிவிட்டுத் தன் தொழுமிடத்துக்குப் போனார்கள். முஸ்லிம் என்ற ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. கேட்டு வந்தது யார் என்று பாருங்கள், அப்போதும் தானேதான் எழுந்து போய்த் தொழுதார்கள். வேறு யாரையும் தூங்கச் சொல்லவில்லை.

என் நிக்காஹ் பேசும்போது எனக்குத் தொழ முடியாத நாட்கள். துஆ மட்டும் ஓதினேன், அது போதும் என்று எங்கள் உஸ்தாத்பீ (ஓதிக்கொடுத்த ஆசிரியை) சொன்னார். கனவும் வரவில்லை, நெஞ்சு குளிரவும் இல்லை. பயமாகத்தான் இருந்தது. மாமியார் வீட்டைப் பற்றி விசாரித்தோம், சரியாகப் பட்டது, சரி என்றேன்.

பாலாற்றுமணல்:
எல்லோருக்கும் ஜஸாக்கல்லாஹ். ஒன்றை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அவர்கள் வீட்டில் தமிழ்தான் பேசுவார்கள், எங்கள் வீட்டில் உருது. சம்பந்தம் வந்த அன்றே தாதிமா, 'நம் ஜபான் (மொழி) தெரியாத வீட்டில் பிள்ளை என்ன செய்வாள்' என்றார். ஹஜ்ரத்திடம் போனது அதற்கு அப்புறம். அவரிடம் என்ன சொல்லிக் கேட்டார் என்று எனக்குத் தெரியாது. தங்கையிடம் யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

விஷாரத்துக்காரன்:
அப்படிச் சொல்லுங்கள். தொழுத பிறகு உள்ளம் விரிவதன்படி செய் என்று இமாம் நவவி சொன்னதை எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். புகாரி விரிவுரையில் இமாம் இப்னு ஹஜர் ஒரு பிடி போடுகிறார்: இஸ்திகாராவுக்கு முன்பே பலமான ஆசை இருந்தால் அந்த உள்ள விரிவை நம்பிச் செய்யக்கூடாது. வேண்டும் என்ற ஆசைக்கு அது என்றால் வேண்டாம் என்ற ஆசைக்கும் அதுதான். கறுப்புத் துணி கனவுக்கு முன்பே உங்கள் வீட்டில் விரித்துக் கிடந்திருக்கிறது.

ஹனஃபிவீடு:
கடைசி வரி அதிகம், வயதானவரைப் பற்றி. ஆனால் மொழிதான் தடை என்றால் அதை மொழி என்றே பேச வேண்டும், இஸ்திகாரா மேல் போடக்கூடாது. இதை ஒப்புக்கொள்கிறேன். விசாரிப்பதும் சுன்னத்தான (நபி காட்டிய) வழிதான். ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) தன்னைப் பெண் கேட்ட இருவரைப் பற்றி நபி (ஸல்) அவர்களிடம் சொன்னபோது, ஒருவர் கையில் பணம் இல்லை, இன்னொருவர் தோளிலிருந்து கம்பை இறக்காதவர் என்று வெளிப்படையாகச் சொல்லி, உஸாமாவை மணக்கச் சொன்னார்கள். அதனால் பையனைப் பற்றி விசாரியுங்கள். கனவு விஷயத்தில் என் கருத்து மாறவில்லை.

ஆம்பூர்மருமகள்:
தங்கையைத் தொழச் சொல்லுங்கள். அஸருக்கும் (பிற்பகல் தொழுகை) மஃரிபுக்கும் (அந்தித் தொழுகை) நடுவில் வேண்டாம், இஷாவுக்குப் (இரவுத் தொழுகை) பிறகு வைத்துக்கொள்ளட்டும். ஜபான் பற்றிக் கவலை வேண்டாம் என்று தாதிமாவிடம் சொல்லுங்கள். எனக்கும் இங்கே வந்தபோது உருது தெரியாது. ஆறே மாதத்தில் மாமியாரோடு சண்டை போடும் அளவுக்கு வந்துவிட்டது.

பாலாற்றுமணல்:
நேற்று ராத்திரி அவளே தொழுதாள். காலையில் தாதிமா முதல் வேலையாக, கனவு வந்ததா என்று கேட்டார். 'தூக்கமே வரவில்லை தாதிமா' என்றாள். அப்புறம் என்னிடம் ஒரு தாளைக் கொடுத்தாள். பி.எட். முடிக்க விடுவார்களா, நைட் ஷிஃப்ட் உண்டா, தனிக்குடித்தனமா கூட்டுக்குடும்பமா, மூன்று கேள்விகள். ஞாயிற்றுக்கிழமை மாமுவும் நானும் விஷாரம் போகிறோம். தாதிமா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

விஷாரத்துக்காரன்:
எந்தத் தெரு என்று தனிமடலில் சொல்லுங்கள், இங்கே வேண்டாம். தெரிந்த வீடாக இருந்தால் உள்ளதைச் சொல்கிறேன்.

ஹனஃபிவீடு:
போவதற்கு முன் அந்த ஹஜ்ரத்திடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். வெளியிலிருந்து கேள்விப்பட்டால் மனம் நோகும்.