புதுப்பிப்பு: மாலத்தீவு ரிசார்ட், ஜோடிக்கு உண்மையில் எவ்வளவு?

கோலாலம்பூரிலிருந்து மாலத்தீவு போகும் ஜோடிகளுக்கான வில்லா வாடகையை இந்த இழையில் முன்பு ஒப்பிட்டிருந்தேன். வரி ஏறிவிட்டதால் புதுக் கணக்கு இதோ.

விலைக்குப் பக்கத்தில் இரண்டு பிளஸ் குறி (++) இருந்தால் சேவைக் கட்டணமும் வரியும் இன்னும் சேரவில்லை என்று பொருள். இரவுக்கு 1,000 டாலர் என்றால், 10 விழுக்காடு சேவைக் கட்டணத்தோடு 1,100. அதன்மேல் 17 விழுக்காடு சுற்றுலா ஜிஎஸ்டி (2025 ஜூலைக்கு முன் 16): 1,287. பசுமை வரி ஆளுக்கு நாளுக்கு 12 டாலர், இருவருக்கு 24. ஆக மொத்தம் 1,311. சாப்பாடு, ஸ்பாவுக்கும் இதே 10, 17 சேரும். வாடகையில் பேரம் பார்த்தவர்கள் பெரும்பாலும் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

தலைநகர் மாலேயிலிருந்து ரிசார்ட் தீவுக்குக் கொண்டுபோகும் கடல் விமானம் பகலில் மட்டுமே பறக்கும். மாலே நேரம் நம் மலேசிய நேரத்துக்கு 3 மணி பின்னால். அங்கே பிற்பகல் மூன்றரைக்குமேல் இறங்கினால் அன்று தீவுக்குப் போவது சந்தேகம். மாலேயில் ஓர் இரவு அறை எடுக்கவேண்டும், வில்லா வாடகையும் ஓடும். இரவு விமானம்தான் கிடைத்தது என்றால் வேகப்படகு போகும் தீவாகப் பாருங்கள். பினாங்குக்காரர்கள் கேஎல்ஐஏ (கோலாலம்பூர் விமான நிலையம்) வரை தனி டிக்கெட் எடுக்காதீர்கள். முதல் விமானம் தாமதித்தால் அடுத்ததும் போச்சு. கடல் விமானத்தில் பொதுவாகப் பெட்டி 20 கிலோ, கைப்பை 5 கிலோ.

இமுகா (மாலத்தீவு அரசின் இணையவழிப் பயணி அறிவிப்பு) படிவத்தைப் பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் நிரப்புங்கள். அது இலவசம், பணம் கேட்டால் அது அரசுத் தளம் அல்ல. டியூட்டி ஃப்ரீ மதுபாட்டில் வேண்டாம், சுங்கத்தில் எடுத்துவைத்துவிடுவார்கள்.